தலைத்தோலைக் கீறி முடி வளர்த்த மருத்துவம்

தலையில் வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்குத் தோலைக் கீறி மருந்து பூசுவது பழைய இந்திய மருத்துவ முறை. இந்நோயை இந்திரலுப்தம் என்று அழைக்கும் சுசுருத சம்ஹிதை, அந்த இடத்தை ஆழக் கீறி, குன்றிமணி விழுதைத் திரும்பத் திரும்பப் பூசச் சொல்கிறது. குன்றிமணியில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. தமிழர் வீடுகளில் நிலைத்தது இதைவிட மென்மையான வைத்தியம்: சின்ன வெங்காயத்தை நறுக்கி, வெட்டிய பக்கத்தால் தோல் சிவக்கும்வரை தேய்ப்பது. புழுவெட்டு சிலருக்குத் தானாகவும் ஆறிவிடும். அதனால் குணம் கண்டதெல்லாம் மருந்தால்தான் என்று சொல்லிவிட முடியாது.

முடி எடுப்பதும் தோலைத் துளைப்பதும் வழிபாட்டிலும் உண்டு. மலேசியாவின் பத்துமலையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தைப்பூசம் நடந்து வருகிறது. அங்கே மொட்டை அடித்த தலையில் சந்தனம் பூசுவார்கள். அலகு கழற்றிய இடத்தில் திருநீறு அப்புவார்கள். சவரக்கத்தி தோலுக்கு மேலிருக்கும் முடியை மட்டுமே எடுக்கிறது. வேரை அது தொடுவதில்லை என்பதால், மொட்டை அடித்தால் முடி அடர்ந்து வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அலகு குத்துவதோ தோலைத் துளைக்கிறது. மெல்லிய வேல் போட்ட துளை சில நாள்களில் மூடிக்கொள்கிறது.

காயம் ஆறுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இரத்தத் தட்டணுக்கள் கூடி இரத்தத்தை உறைய வைத்து, வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்த திசுவையும் அகற்றுகின்றன. பிறகு புதிய இரத்த நாளங்களும் கொலாஜன் இழைகளும் உருவாகி, மேல்தோல் மூடுகிறது. கடைசியாக, பல மாதங்களில் தழும்பு இறுகுகிறது. மயிர்க்காலில் இருக்கும் குருத்தணுக்களும் மேல்தோலை மூட உதவுகின்றன. காயம் எழுப்பும் அதே சைகைகள் மயிர்க்காலையும் தூண்டக்கூடும் என்பதே இன்றைய சிகிச்சைகளின் அடிப்படை.

இதற்கு வலுவான சான்று 2007இல் கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளர்ந்த எலிகளின் தோலில் பெரிய காயம் உண்டாக்கியபோது, ஆறிய இடத்தின் நடுவில் புதிய மயிர்க்கால்களே தோன்றின. அவற்றில் முளைத்த முடி நிறமற்று இருந்தது. மனிதரிடம் இது இப்படியே நடப்பதாக நிறுவப்படவில்லை.

மனிதரிடம் நுண்ணூசிகள் பதித்த உருளையைத் தலையில் ஓட்டி முயன்றார்கள். மும்பையில் ரச்சிதா துரத் குழுவினர் ஆண் வழுக்கை உள்ள 100 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மினாக்சிடில் என்னும் பூச்சு மருந்து மட்டும் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு அதோடு வாரந்தோறும் உருளையும் ஓட்டப்பட்டது. 12 வாரங்களில், அளவிட்ட பகுதியில், முதல் பிரிவில் சராசரியாக 22 முடிகளும் இரண்டாம் பிரிவில் 91 முடிகளும் கூடின.

பயன் காயத்தின் அளவைப் பொறுத்தது. தீக்காயமோ ஆழ்ந்த வெட்டோ மயிர்க்காலை அழித்துவிட்டால் அந்தத் தழும்பில் முடி முளைக்காது. கிருமி படிந்த ஊசியும் அதே கேட்டைச் செய்யக்கூடும். அதனால் ஊசியின் நீளம், இடைவெளி, தூய்மை மூன்றையும் தோல் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.