பன்னிரண்டு சதுரங்கள்: தமிழ்நாட்டு ஸ்டூடியோவும் 120 பிலிமும்

மீடியம் பார்மட் என்று வழங்கும் நடுத்தர அளவு பிலிம் கேமராக்களின் வரலாறு பெரும்பாலும் லென்ஸ்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அவற்றைக் கொண்டு பிழைத்த போட்டோகிராபர்களின் பக்கமிருந்து பார்க்கும்போது, அந்த அளவு பிலிம் இவ்வளவு காலம் கடைகளில் நிலைத்ததற்கு லென்ஸின் கூர்மையைவிட, படம் எடுத்தபின் நெகட்டிவின்மேல் செய்யவேண்டியிருந்த கைவேலையும், ஒரு ரோலுக்கு எத்தனை படம் என்ற கடைக்கணக்குமே வலுவான காரணங்களாக இருந்தன என்பது புலப்படும்.

இக்கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான 120 ரோல் பிலிம் தொழில்முறையாளருக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் கோடக் நிறுவனம் 1901-இல் தன் இரண்டாம் எண் பிரவுனி என்ற இரண்டு டாலர் பெட்டிக் கேமராவுக்காக, பொழுதுபோக்காகப் படமெடுக்கும் எளிய மக்களை எண்ணி, அதை வெளியிட்டது. 120 என்பது அளவைக் குறிப்பதும் அன்று. கோடக் தன் ரோல் பிலிம்களுக்குப் பின்னாளில் இட்ட வரிசை எண்களில் அது ஒன்று, அவ்வளவே. ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள பிலிமோடு ஒளி புகாத காகிதம் ஒன்றும் சேர்த்துச் சுற்றப்பட்டிருக்கும். அக்காகிதத்தின் முதுகில் அச்சிட்ட எண்களைக் கேமராவின் பின்புறமுள்ள சிறு சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தபடி அடுத்த படத்துக்குத் திருப்புவார்கள். ஒரே ரோலில் 6×9 சென்டிமீட்டர் கணக்கில் எட்டுப் படங்களும், 6×6 கணக்கில் பன்னிரண்டும், 6×4.5 கணக்கில் பதினாறும் எடுக்கலாம் என்பதால், பிலிமை மாற்றாமல் கேமராவின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போக முடிந்தது.

அந்தப் பிலிமைத் தொழிலுக்குரியதாக்கியது ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பவுல் பிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே இருவரும் 1920-இல் தொடங்கிய பட்டறை. அவர்கள் முதலில் செய்துவந்த ஸ்டீரியோ கேமராவில், படம் பிடிக்க இரண்டு லென்ஸ்களும் அவற்றின் நடுவே காட்சியைப் பார்க்க மூன்றாவதாக ஒன்றும் இருந்தன. படம் பிடிக்கும் லென்ஸ்களில் ஒன்றைக் கழித்துவிட்டு எஞ்சிய இரண்டையும் மேலும் கீழுமாக நிறுத்தியதுதான் 1929-இல் வெளிவந்த ரோலிபிளெக்ஸ். முதல் மாடல் 117 என்ற வேறொரு ரோலில் ஆறே படம் எடுத்தது. 1932-இல் வந்த மாடல் 120 பிலிமுக்கு மாறியபோதுதான், பிற்காலத் தொழில் முழுவதும் பழகிப்போன பன்னிரண்டு சதுரப் படம் என்ற கணக்கு உறுதிப்பட்டது. பிலிமின் தொடக்கத்தை அதன் தடிப்பைக்கொண்டே உருளைகள் உணர்ந்து நிறுத்தும் ஏற்பாடு 1937-இல் வந்ததும், சிவப்புக் கண்ணாடியைக் குனிந்து பார்க்கும் வேலையும் போயிற்று.

இத்தகைய இரட்டை லென்ஸ் கேமராவில் மேல் லென்ஸ் வழியே வரும் காட்சி சாய்ந்த கண்ணாடியில் பட்டுத் தேய்கண்ணாடித் தகட்டில் விழும். போட்டோகிராபர் கேமராவை மார்புக்குக் கீழே பிடித்து, தலை கவிழ்ந்து அதைப் பார்ப்பார். காட்சி நிமிர்ந்தே தெரியுமெனினும் இடவலம் மாறியிருக்கும், ஆகவே புதிதாகப் பழகுபவர் ஓடுகிறவரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்ப முயன்று எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவது வழக்கம். இரு லென்ஸ்களுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டால், மிக அருகில் எடுக்கும்போது பார்த்த படமும் பதிந்த படமும் சற்று விலகும். இந்தக் குறைகளோடும் அது செய்திப் படத்துறையிலும் வேரூன்றியது. இந்தியாவின் முதல் பெண் செய்திப் புகைப்படக் கலைஞராக அறியப்படும் ஹோமாய் வியாரவல்லா 1942 முதல் டெல்லியில் பணியாற்றிய காலத்தில் ரோலிபிளெக்ஸையும், அதைவிடப் பெரிய ஸ்பீட் கிராபிக் கேமராவையும் பயன்படுத்தினார்.

ஸ்வீடனின் விக்டர் ஹாசல்பிளாட் 1948-இல் வெளியிட்ட, லென்ஸையும் பிலிம் பெட்டியையும் தனித்தனியே கழற்றி மாட்டத்தக்க கேமராவும், அதன் வழிவந்தவை நிலவுவரை சென்றதும் பலரும் எழுதிய செய்திகள். தமிழ்நாட்டின் சிற்றூர்க் கடைக்கு அவை எட்டாத விலை. சுதந்திரத்துக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியிருந்த நிலையில், ரோலிபிளெக்ஸின் விலை குறைந்த வடிவமாகக் கைமாறி வந்த ரோலிகார்டும், 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானின் யாஷிகாவுமே இங்குத் தொழில் நடத்தின. 1958-இல் வந்த யாஷிகா 635 மாடலில் 120 ரோலையும், துணைக்கருவிகளை மாட்டி 35 மி.மீ. பிலிமையும் போடலாம் என்பது, வரப்போகும் மாற்றத்தை அதன் தயாரிப்பாளர் அப்போதே கணித்திருந்ததைக் காட்டுகிறது.

பிலிமுக்கு உதகமண்டலம் வழி செய்தது. மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் நிறுவப்பட்டு, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளி உப்புகளை ஜெலட்டினில் கலந்து பிலிம்மேல் பூசும் இவ்வேலைக்குத் தூசியற்ற, குளிர்ந்த காற்று வேண்டும் என்பதே நீலகிரியைத் தேர்ந்ததற்கான முதன்மைக் காரணம். அங்கிருந்து இந்து என்ற பெயரில் எக்ஸ்ரே பிலிமும், கறுப்பு வெள்ளை ரோல்களும், பிரிண்ட் போடும் தாளும் வெளிவந்தன.

மலைமேல் பூசப்பட்ட அதே ஜெலட்டினைச் சமவெளியின் கோடையில் கழுவ வேண்டியிருந்தது. டெவலப்பர் கரைசல் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸில் வேலை செய்வதற்கென்று வகுக்கப்பட்டது. மே மாதக் குழாய்த் தண்ணீரில் ஜெலட்டின் ஊதி, மென்மையாகி, விரல் பட்டால் உரிந்துவரும். அதனால் டிரேயைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பதும், ஹைப்போ என்ற நிலைநிறுத்தும் கரைசலில் படிகாரம் சேர்த்துப் பூச்சை இறுகச் செய்வதும், பிலிம் கழுவுவதை இரவுக்குத் தள்ளுவதும் டார்க் ரூமின் அன்றாடப் பழக்கங்களாயின.

கழுவி உலர்ந்த நெகட்டிவ் அதன்பிறகு டச்சிங் மேசைக்குப் போகும். சாய்வான தேய்கண்ணாடியும் அதற்கடியில் சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் நிலைக்கண்ணாடியும் கொண்ட அந்தச் சிறு மேசையில்தான் ஸ்டூடியோவின் பெயர் காப்பாற்றப்பட்டது என்றால் மிகையாகாது. முகத்திலுள்ள அம்மைத் தழும்பின் நிழலும் கண்ணுக்கடியிலுள்ள கருவளையமும் நெகட்டிவில் வெளிறிய இடங்களாக இருக்கும். அவற்றின் வழியே ஒளி கூடுதலாகப் புகுவதால் பிரிண்டில் அவை கறுக்கும். டச்சிங் செய்பவர் பூச்சுள்ள பக்கத்தில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு மெழுகெண்ணெயை லேசாகத் தடவி, உப்புத்தாளில் ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்த இடங்களைப் புள்ளி புள்ளியாக நிரப்பி, சுற்றியுள்ள தோலின் அடர்த்திக்குக் கொண்டுவருவார்; கறுக்க வேண்டிய இடத்தில் கூரிய கத்தியால் பூச்சை மெல்லச் சுரண்டுவார். 6×6 நெகட்டிவில் மார்பளவுப் படமொன்றின் முகம் இரண்டு சென்டிமீட்டர் அளவில் விழும். முன்பு கண்ணாடித் தகடுகளில் பழகியிருந்த கைகளுக்கு அதுவே சிறிதுதான், எனினும் பென்சில் நடமாட இடமுண்டு. 35 மி.மீ. பிலிமின் சட்டமோ பரப்பில் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதில் எடுத்த குழுப்படத்தின் முகத்தில் பென்சில் முனைக்கே இடமில்லை. பெண் பார்க்க அனுப்பும் படத்துக்கும், சுவரில் மாட்டும் பெரியவர் படத்துக்கும் வாடிக்கையாளர் கூலி கொடுத்தது இந்த வேலைக்குத்தான் என்பதால், லைக்கா போன்ற சிறிய கேமராக்கள் 1925-இலேயே சந்தைக்கு வந்துவிட்டபோதும் ஸ்டூடியோக்கள் அவற்றின் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு என்ற எண்ணும் கடைக்கு இசைந்தே இருந்தது. ரோல் முடியும்வரை கழுவ முடியாது. பாஸ்போர்ட் படமும் குடும்பப் படமுமாகப் பன்னிரண்டு படம் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்பதால், வந்தவருக்கு நாள் சொல்லி அனுப்ப முடிந்தது. முப்பத்தாறு படமுள்ள ரோலில், அவசரக்காரர் ஒருவருக்காக எஞ்சிய பிலிமை வெட்டி வீணாக்க வேண்டியிருக்கும். கல்யாண வீட்டில் மட்டும் இதே எண் எதிரியானது. தாலி கட்டும் நேரத்தில் ரோல் முடிந்துவிடக் கூடாதே என்று, இரண்டு மூன்று படம் மிச்சமிருக்கும்போதே அதைச் சுற்றி எடுத்துவிட்டுப் புதிய ரோல் போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கறுப்பு வெள்ளையோடு பிணைந்திருந்த இந்த ஏற்பாட்டை வண்ணப் பிலிம் குலைத்தது. வண்ண நெகட்டிவில் பழைய பென்சில் வேலை எளிதில் செல்லாது. அதைக் கழுவிப் பிரிண்ட் போட 1970-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய மினிலேப் எந்திரங்களும் பெரும்பாலும் 35 மி.மீ. ரோலுக்கே அமைந்தவை. டார்க் ரூம் கடையைவிட்டு லேபுக்குப் போனபின், பெரிய நெகட்டிவ் வைத்திருப்பதற்கான காரணமும் போய்விட்டது. பத்திரிகை அட்டைப் படங்களும் சினிமா ஸ்டில்களும் இன்னும் சில காலம் 120 பிலிமைத் தாங்கின. உதகைத் தொழிற்சாலை 1990-களில் நலிவுற்று, பின்னர் மூடப்பட்டது. கோடக்கும் பிரிட்டனின் இல்போர்டும் 120 ரோலை இன்றும் தயாரிக்கின்றன, ஆனால் அவற்றை வாங்குபவர்களில் தெருமுனைப் பாஸ்போர்ட் கடைக்காரர் இல்லை.

இத்தொழிலுக்கு நெகட்டிவைவிட நல்ல ஆவணம் இல்லை, ஆனால் வெள்ளிக்காகவும் இடத்துக்காகவும் அவற்றில் பெரும்பகுதி கைவிடப்பட்டுவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களை மின்னணு வடிவில் பதிந்துவைக்கும் பணியை மேற்கொண்டது. வாடிக்கையாளருக்குப் போன பிரிண்ட் பெரும்பாலும் நீள்சதுரமாக வெட்டப்பட்டது. சதுர நெகட்டிவில் வெட்டுக்கு வெளியே நின்ற திரைச்சீலையின் விளிம்பும், விளக்கின் காலும், சில முகங்களின்மேல் பென்சில் ஓடிய தடமும் அப்படியே இருக்கின்றன. எந்தக் குறை மறைக்கத்தக்கதாக அன்று கருதப்பட்டது என்று ஆராய்பவருக்கு, ஆல்பத்தில் ஒட்டிய பிரிண்டைவிட அதுவே நேரான சாட்சி.