வாயை மூடிக்கிட்டு இருந்தா ஒண்ணும் ஆகாது

மேலே உள்ள வாசகம் சேரிக்குப் புதுசில்லை. ஆண்டை சொல்வான், போலீஸ் சொல்லும், சமயத்தில் நம்ம பெருசுகளே பயந்துபோய்ச் சொல்வார்கள். இதையே ஓர் ஆங்கில நீதிமன்றம் சட்டமொழியில் சொன்ன கதை ஒன்று உண்டு. அது நம்மிடையே பேசப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

விராஜ் மெண்டிஸ் சிங்களவர். 1973இல் படிக்க இங்கிலாந்து போனவர். மான்செஸ்டரில் இருந்துகொண்டு ஈழத்தமிழர் போராட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தார். அரசு அவரை நாடு கடத்த முனைந்தபோது, திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று அடைக்கலம் கேட்டார். சிங்களவனுக்கு அங்கே என்ன ஆபத்து என்று கேட்பது சுலபம். ஆபத்து பிறந்த சாதிசனத்தில் இல்லை, நின்ற பக்கத்தில் இருந்தது.

அடைக்கலம் மறுக்கப்பட்டது. 1986 டிசம்பர் 20 அன்று ஹ்யூம் பகுதியின் அசென்ஷன் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பாதிரியார் ஜான் மெத்யூன் இடம் கொடுத்தார். ஆனால் தேவாலயத்தில் புகுந்தவரைப் பிடிக்கக்கூடாது என்ற பழைய உரிமையை ஆங்கிலச் சட்டம் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்துவிட்டது. ஆகவே அவரைக் காத்தது கல்லும் சிலுவையும் அல்ல, ஜனங்கள். முறைவைத்து ராப்பகலாகக் காவல் இருந்தார்கள், ஊர்வலம் போனார்கள். அந்த வட்டாரத்துக்கு இது பழகிய வேலைதான். பக்கத்து ராச்டேலில் அன்வர் டிட்டா என்ற பெண், தன் பிள்ளைகளைத் தன்னிடம் சேர்க்கக் கோரி நடத்திய இயக்கம் 1981இல் ஜெயித்திருந்தது.

1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மெண்டிஸைக் கைவிட்டது. அங்கே எழுந்த வாதத்தின் சாரம் இதுதான்: இனிமேல் ஊருக்குப் போய்ப் பேசப்போகிறேன், அதனால் அடிப்பார்கள் என்பவனை அகதி என்று கொள்ள முடியாது. அதாவது, பேசாதே, பிழைத்துக்கொள்வாய்.

1989 ஜனவரி 18 அதிகாலை, நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸார் கதவை உடைத்துப் புகுந்தனர். அவர் உள்ளே இருந்தது 760 நாட்கள். லண்டன் பென்டன்வில் சிறையில் அடைத்தார்கள். கண்டனங்கள் எழுந்தன. இரண்டே நாளில் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

இயக்கம் தோற்றது. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதம் நிலைக்கவில்லை. ஒருபால் ஈர்ப்பாளர்களை 'மறைந்து வாழ்' என்று திருப்பி அனுப்பக்கூடாது என்று பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் 2010இல் சொன்னது. உயிருக்குப் பயந்து இல்லாத அரசியல் விசுவாசத்தை நடிக்கச் சொல்லக்கூடாது என்று 2012இல் ஜிம்பாப்வேக்காரர்களின் வழக்கில் சொன்னது. ஊர்வலங்களால்தான் இந்தத் தீர்ப்புகள் வந்தன என்று நான் அளக்கப்போவதில்லை. தேவாலய வாசலில் காவல் இருந்தவர்கள் சொன்ன நியாயத்துக்குச் சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மெண்டிஸ் பிறகு ஜெர்மனியின் பிரேமன் நகரில் குடியேறி, ஈழத்தமிழர் உரிமைக்காகவே வேலை செய்து, 2024இல் இறந்தார். கடைசிவரை வாயை மூடவில்லை. நமக்காகப் பேசுகிறவர்களைப் பிறப்பைக் கொண்டு சந்தேகப்படுவது நம்மிடையே நடக்கிறது, காரணத்தோடும்தான் நடக்கிறது. பேசியதற்கு அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.