ஒரு அமெரிக்க வீரர்கூட இல்லை... ஹாட்ரிக் கோப்பை! யார் இந்த டெடி மோரிஸ்?

கனடாவில் 'ஃபுட்பால்' என்றால் மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுற ஆட்டம். பார்க்க அமெரிக்க ஃபுட்பால் மாதிரியே இருக்கும். ஆனால் இங்கே அணிக்கு 12 பேர். 10 கெஜம் முன்னேற நாலு வாய்ப்பு இல்லை, மூணுதான்.

இதில் டொராண்டோ ஆர்கோநாட்ஸ் அணிக்காக 1930-களில் கலக்கியவர் டெடி மோரிஸ். 1933, 1937, 1938 என மூன்று முறை 'கிரே கோப்பை' வென்ற அணியில் இருந்தார். முதல் இரண்டு இறுதிப் போட்டிகளிலும் ஸ்கோர் 4-3தான். (கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துப் பழகின நமக்கு இது கொஞ்சம் வினோதம்தான்!) 1937-ல் தனிநபருக்கான ஜெஃப் ரஸல் கோப்பையும் அவருக்கே.

போர் முடிந்த 1945-ல் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கேதான் விஷயமே இருக்கு.

1935-ல் வின்னிபெக் அணி அமெரிக்க வீரர்களை இறக்கி கோப்பையை அள்ளியதில் இருந்தே, 'வெளிநாட்டு ஆட்களை விடலாமா?' என்ற சண்டை ஓயவில்லை. மோரிஸ் ஒரே பிடியாக நின்றார்: என் அணியில் கனடாக்காரர்கள் மட்டும்தான்!

வீம்பு என்று தோன்றலாம். ஆனால் 1945-ல் 35-0, 1946-ல் 28-6. இரண்டு முறையும் அடி வாங்கியது அதே வின்னிபெக்!

1947-லும் அவர்களே எதிரி. கடைசி நிமிடம் வரை 9-9. கனடா ஆட்டத்தில் ஒரு விநோத விதி உண்டு. உதைத்த பந்து எதிரணியின் கோல் பகுதிக்குள் போய், அவர்களால் வெளியே கொண்டுவர முடியாவிட்டால் ஒரு புள்ளி. ஜோ க்ரோல் உதைத்தார். 10-9. ஹாட்ரிக்!

அதன்பிறகு காற்று திசை மாறியது. 1949-ல் கோப்பையை வென்ற மான்ட்ரியல் அணியின் பயிற்சியாளர் லூ ஹேமன், மோரிஸ் வீரராக இருந்தபோது அவருக்கே பயிற்சி கொடுத்தவர். அவர் தயங்காமல் அமெரிக்கர்களைச் சேர்த்துக்கொண்டார். அந்த சீசனோடு மோரிஸின் பயிற்சியாளர் பதவி முடிந்தது. அடுத்து வந்த ஃபிராங்க் கிளேர், அமெரிக்க வீரர்களுடன் முதல் ஆண்டிலேயே கோப்பையைத் தூக்கினார். தோற்றது யார்? சாட்சாத் வின்னிபெக்தான்!

அணிக்கு இத்தனை கனடா வீரர்கள் கட்டாயம் என்ற விதி அந்த லீகில் இன்றும் இருக்கிறது. முழுக்க உள்ளூர் ஆட்களை வைத்து ஆட மட்டும் யாரும் துணியவில்லை.

1964-ல் கனடா ஃபுட்பால் புகழரங்கில் மோரிஸ் சேர்க்கப்பட்டார். அடுத்த ஆண்டே காலமானார்.