மாணவர் ஏற்பு மரபு: கொழும்பின் கிறித்தவக் கல்வியாளர்கள்

மாணவர் ஏற்பு என்பது வேற்றூரிலிருந்தோ வேற்று நாட்டிலிருந்தோ படிக்க வரும் மாணவரை ஆசிரியரோ கல்வி நிலையமோ ஒரு குடும்பமோ உண்டியும் உறையுளும் தந்து தம்முடன் வைத்துக்கொள்ளும் வழக்கம். மேலை நாடுகளில் ‘பரிமாற்ற மாணவர்’ திட்டங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெருகின. இலங்கைத் தமிழரிடையே இவ்வழக்கம் அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வேர்கொண்டது. கொழும்பில் அதைத் தொடங்கி வளர்த்தவர்களுள் கிறித்தவ ஆசிரியர்கள் முதன்மையானவர்கள்.

வகைகள்

இம்மரபை நான்காகப் பகுக்கலாம். முதலாவது கல்லூரி விடுதி. ‘ஹொஸ்டல்’ என்பதே பேச்சுவழக்கு. இரண்டாவது ஆசிரியரின் வீட்டில் அவர் குடும்பத்தோடு தங்கிப் படித்தல். மூன்றாவது ‘போடிங்’. வீட்டுக்காரரிடம் மாதப் பணம் கொடுத்து அறையும் சாப்பாடும் பெறுவது இது, கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் மிகுதி. நான்காவது, வெளிநாட்டு மாணவரை உள்ளூர்க் குடும்பம் சில மாதங்களுக்குத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது. முதல் இரண்டும் பழையவை. அவற்றிலேயே கல்வியாளரின் சமயப் பற்றும் வாழ்க்கை முறையும் மாணவரை நேராகத் தொட்டன.

சமய அடிப்படை

அந்நியனை ஏற்றுக்கொள்பவன் கிறிஸ்துவையே ஏற்றுக்கொள்கிறான் என்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் தரும் போதனை. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல். ஆகவே, இலங்கைத் தமிழ்க் கிறித்தவ ஆசிரியருக்கு மாணவனை வீட்டில் வைத்திருப்பது புதிய கடமையாகத் தோன்றவில்லை. வேதமும் தாய்மொழி அறமும் ஒரே வாசலைத்தான் திறந்தன.

ஒல்லாந்தர் காலம்

இம்மரபின் முதற்கட்டம் ஒல்லாந்தர் நடத்திய செமினரிகளில் காணப்படுகிறது. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1690இலும் கொழும்பில் 1696இலும் அவை தொடங்கின. சிங்கள, தமிழ், பறங்கிச் சிறுவர்கள் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் செலவில் அங்கே தங்கிக் கற்றனர். 1736 முதல் 1740 வரை ஆளுநராக இருந்த வான் இம்ஹோப் கொழும்புச் செமினரியைச் சீர்படுத்தினார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகியவை பாடங்களாயின. அவர் காலத்திலேயே, 1737இல், கொழும்பு அச்சகம் முதல் நூலை வெளியிட்டது. தேர்ந்த மாணவரைக் கடல் கடந்து லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் உண்டாயிற்று. இன்றைய பரிமாற்ற மாணவரின் முன்னோடிகள் என்று இவர்களைச் சொல்வது தகும். சிங்களவரான ஹென்றிகஸ் பிலிப்ஸ் அவ்வாறு ஒல்லாந்து சென்று கற்றுக் குருவாகித் திரும்பினார்.

ஒல்லாந்து செல்லாமலே அத்தகுதியைப் பெற்றவர் கொழும்பில் பிறந்த தமிழர் பிலிப்பு தெ மெல்லோ (1723–1790). செமினரியில் கற்று அங்கேயே ஆசிரியப் பணி புரிந்த அவர் 1750இல் குருவாக அபிஷேகம் பெற்றார். பழைய ஏற்பாட்டின் பெரும் பகுதியைத் தமிழாக்கினார். சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட ‘தமிழ் புளூட்டாக்’ தமிழ்ப் புலவர் வரிசையில் அவருக்கும் இடம் தந்தது. விடுதியில் தங்கிய மாணவன் தன் மொழியை மறந்துவிடுவான் என்ற அச்சத்துக்கு மெல்லோவின் வாழ்வே மறுமொழி.

ஒண்டாச்சி குடும்பம் இக்கட்டத்தின் இன்னொரு சான்று. தஞ்சையிலிருந்து 1659இல் மருத்துவராகக் கொழும்புக்கு வந்த மிக்கேல் யூரி ஒண்டாச்சியின் வழியினர் இவர்கள். அவ்வழியில் வந்த போதகர் வில்லம் யூரியான் ஒண்டாச்சி செமினரியின் அதிபராக விளங்கினார். அவர் மகன் பீற்றர் பிலிப் யூரியான் குவின்ற் ஒண்டாச்சி 1758இல் கொழும்பில் பிறந்து, சிறுவனாகவே ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டு, உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1780களில் அந்நகரில் மக்களாட்சி கோரி எழுந்த ‘பேட்ரியட்’ இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரானார். படிக்கப் போன பையன் போன நாட்டின் வரலாற்றிலேயே பெயர் பதித்தது அரிய நிகழ்வு. எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி இக்குடும்பத்தவர்.

கொழும்பில் கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள வுல்ஃபெண்டால் தேவாலயம் இக்காலத்தின் நிலைத்த சின்னம். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியதோடு ஒல்லாந்தர் கல்வி ஏற்பாடு குலைந்தது.

அமெரிக்க மிசன்

1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கிய அமெரிக்க மிசனரிகள் அவ்வாண்டே யாழ்ப்பாணம் சென்றனர். டானியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் தொடங்கியது. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை நிறுவினார். இவ்விடுதிகளில் தங்கிய ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு குடும்பம் ஏற்கும். அப்பிள்ளைக்கு அக்குடும்பம் விரும்பிய பெயர் சூட்டப்படும். சார்ல்ஸ் வின்ஸ்லோ தாமோதரம்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை முதலிய பெயர்கள் இவ்வழக்கத்தைக் காட்டுவன. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளாயினர்.

விடுதியில் சாதி பார்க்காமல் ஒன்றாக உண்பது பெரும் போராட்டமாக இருந்தது. கிறித்தவரின் வளவில் சமைத்த சோற்றை மாணவர் தொட மறுத்தபோது, தொடக்கத்தில் மிசனரிகள் விட்டுக்கொடுத்தனர். ஒரே பந்தியில் அமர்வது பின்னரே மெல்ல வந்தது. பிரசங்கத்தால் ஆகாத மாற்றத்தைச் சாப்பாட்டு மேசை செய்தது.

உடுவிலில் 1840 முதல் 1879 வரை தலைமையாசிரியையாக இருந்த எலிசா ஆக்னியூ இம்மரபின் உயர்ந்த உருவம். மணம் செய்யாமல், தாய்நாட்டுக்கு ஒருமுறையும் திரும்பாமல், ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கல்வி தந்தார். பள்ளி விடுமுறைகளில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய் நலம் விசாரிப்பார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று அவரை அழைத்தனர். 1883இல் மானிப்பாயில் மறைந்தார்.

மதமாற்றமே விடுதிக் கல்வியின் நோக்கம் என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி நிறுவியதும் அதற்கு எதிர்வினையாகவே. நோக்கத்தில் மதம் இருந்தது உண்மை. எனினும் பிள்ளையை ஊட்டி வளர்த்த அன்பு அந்நோக்கத்துக்கு அப்பாற்பட்டது என்பதைப் பழைய மாணவரின் நன்றியே காட்டுகிறது.

கொழும்பின் கல்லூரிகள்

1851இல் ஆயர் ஜேம்ஸ் சாப்மன் முட்டுவலில் சென் தோமஸ் கல்லூரியை நிறுவினார். விடுதி அதன் உயிர்நாடி. 1918இல் கல்லூரி கல்கிசைக்கு மாறியது. மெதடிஸ்த சபை 1874இல் புறக்கோட்டையில் வெஸ்லி கல்லூரியைத் தொடங்கியது. ஹென்றி ஹைபீல்ட் அதிபராக இருந்து நிதி திரட்டிய முயற்சியின் பயனாக அது 1907இல் பொரளையில் புதிய இடம் பெற்றது.

கொட்டாஞ்சேனையில் 1865இல் தொடங்கிய புனித பெனடிக்ற் கல்லூரியை டி லா சால் சகோதரர்கள் நடத்திவந்தனர். இச்சபையின் தொடக்கமே மாணவர் ஏற்பு மரபோடு நெருங்கிய உறவுடையது. பிரான்சின் ரீம்ஸ் நகரில் குருவான ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் 1681இல் ஏழை ஆசிரியர்களைத் தம் சொந்த வீட்டிலேயே தங்கவைத்தார். உறவினர் எதிர்த்தும் விடவில்லை. அங்கிருந்தே சபை பிறந்தது. ஆசிரியரை வீட்டில் ஏற்றவரின் வழிவந்தோர் மாணவரை ஏற்றதில் வியப்பில்லை. பெண்பிள்ளைகளுக்கு 1869இல் நல்லாயன் கன்னியர் மடம் வந்தது. புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ், சிங்கள, பறங்கிக் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தமையால், கொட்டாஞ்சேனையின் மாணவர் தொடக்கத்திலிருந்தே பல மொழி கேட்டு வளர்ந்தனர்.

கத்தோலிக்கக் கல்வியாளருள் பீற்றர் பிள்ளை அடிகளார் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். மருதானைப் புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராக விளங்கி, 1954இல் அக்குவைனாஸ் பல்கலைக் கல்லூரியை நிறுவினார். சமூக நீதியைக் கல்வியின் பகுதியாகவே கருதினார். நம்பிக்கை கோவிலுக்குள் நிற்கக் கூடாது, கூலிக்காரன் வீட்டு வாசல் வரை போகவேண்டும் என்ற கொள்கை அவர் பணி முழுவதிலும் தெரிகிறது.

வெள்ளவத்தை

1905இல் காங்கேசன்துறை வரை இரயில் பாதை முடிந்தது. வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கும் படிப்புக்கும் வந்தோர் கொழும்பில் தங்க இடம் தேடினர். 1921இல் பல்கலைக் கல்லூரி தொடங்கியதும் கூட்டம் பெருகியது. வெள்ளவத்தை வீடுகள் போடிங் வீடுகளாயின. உறவினர் வீட்டிலும் ஊரவர் வீட்டிலும் தங்கியவர் பலர். வீட்டு அம்மாவை ‘அன்ரி’ என்றழைத்து, அவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொண்ட மாணவர் பலர் பின்னாளில் ஆசிரியராயினர்.

பிற்கால நிலை

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. விடுதிகள் பலவற்றின் ஆசிரியர்–மாணவர் பிணைப்பு அதனால் தளர்ந்தது. 1983 யூலை இனக்கலவரத்துக்குப் பின் வடக்கு, கிழக்கிலிருந்து வந்தோரால் வெள்ளவத்தை நெருக்கமாயிற்று. இக்காலத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர் கண்டிக் குடும்பங்களோடு தங்கிப் பயிலும் ‘ஐஎஸ்எல்ஈ’ போன்ற திட்டங்களும் இயங்கியுள்ளன. வெள்ளவத்தையில் போடிங் வீடுகள் இன்றும் உண்டு. வுல்ஃபெண்டால் தேவாலயத்தில் இன்றும் ஆராதனை நடைபெறுகிறது.