கூதிரும் சரத்தும்

தமிழகத்தில் ஐப்பசி என்றால் அடைமழை. ஏறத்தாழ அதே நாள்களில் தில்லியிலும் லக்னோவிலும் வானம் துடைத்த பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஆகிய திங்கள்களை நம் உரையாசிரியர்கள் கூதிர் என்று வகுத்தனர். வடநூலார் அப்பொழுதைச் சரத் என்றனர். ஆண்டுக்குப் பெரும்பொழுது ஆறு என்னும் கணக்கில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். ஆயினும் தென்மேற்குப் பருவக்காற்று வடநாட்டை விட்டு நீங்கிய பின்னரே வடகிழக்குப் பருவமழை தமிழகத்தை அடைகிறது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் பஞ்சாங்கத்தை உடன் கொண்டுவரலாம். பருவத்தைக் கொண்டுவர இயலாது. நம் அடுக்களைகளோ பெரும்பாலும் பஞ்சாங்கத்தையே நம்பி நடக்கின்றன.

வடநாட்டுப் பருவத்தை ஒட்டிய உணவு விதிகள் சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில், ஆறாம் அத்தியாயத்தில் காணப்படுகின்றன. மழைக்காலக் குளிர்ச்சிக்குப் பழகிய உடல் திடீரெனச் சரத்கால வெயிலுக்கு உள்ளாகும்போது பித்தம் சீறும் என்பது அந்நூலின் கொள்கை. ஆகவே இனிப்பும் கைப்பும் உடைய எளிய உணவையும், அரிசி, யவை, கோதுமை ஆகிய தானியங்களையும் அது விதிக்கிறது. எண்ணெய், கொழுப்பு, தயிர் ஆகியவற்றை விலக்குகிறது. தயிர்ச்சோறு இன்றி இலையை மடக்க மனம் வராத நமக்கு இது கடுமையான விதியே! பகலில் கதிரவனால் காய்ந்து, இரவில் திங்களால் குளிர்ந்து, அகத்திய விண்மீனின் உதயத்தால் நஞ்சு நீங்கிய சரத்கால நீரை ‘ஹம்ஸோதகம்’ என்று அந்நூல் போற்றுகிறது. நாம் பொதியமலைக்கு உரியவராகக் கொண்டாடும் அகத்தியர், இங்கே தென் அடிவானில் மிகத் தாழ்ந்து தோன்றும் விண்மீனாக நின்று தண்ணீரைத் தூய்மை செய்கிறார்.

முன்பனியாகிய ஹேமந்தம் வந்ததும் விதி தலைகீழாக மாறுகிறது. குளிர்காற்றால் உள்ளே அடைபட்ட வயிற்றுத்தீ வலுப்பெறும் என்றும், தக்க உணவாகிய விறகு கிட்டாவிடின் அது உடலின் சாரத்தையே எரிக்கும் என்றும் சரகர் கருதினார். பால், கரும்பிலிருந்து ஆக்கியவை, கொழுப்பு, எண்ணெய், புத்தரிசி, வெந்நீர் ஆகியவை இப்போது ஏற்றவை. சிறிது காலத்திற்கு முன் விலக்கிய எண்ணெய் இப்போது மருந்தாகிவிட்டது.

இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிடலாகாது என்று பின்னர் வந்த வாக்படர் தம் அஷ்டாங்க ஹிருதயத்தில் எச்சரித்தார். முடியும் பருவத்தின் கடைசி ஏழு நாளும் தொடங்கும் பருவத்தின் முதல் ஏழு நாளும் சேர்ந்து ‘ருதுசந்தி’. அந்தப் பதினான்கு நாளில் பழைய முறையைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாகக் கொள்ளவேண்டும். வாக்படர் கூறியவற்றுள் நம்மைப் போன்ற குடிபெயர்ந்தோர்க்கு மிகவும் பயன்படுவது இதுவே என்று நாம் கருதுகிறோம்.

வடநாட்டார் இன்று உண்பது அனைத்தும் இந்நூல்களிலிருந்து வந்ததென்று எண்ணிவிடலாகாது. குளிர்காலத்தில் பஞ்சாபியர் விரும்பும் கடுகுக்கீரையைக் கீரைகளுள் மிகவும் தீயதெனச் சரகர் ஒதுக்கினார். அதற்கு இணையாகச் சுடும் ரொட்டிக்குரிய மக்காச்சோளமோ, 1492இல் கொலம்பசு கடல்வழி கண்ட பிறகே அமெரிக்காவிலிருந்து வந்த தானியம். குளிர்காலச் சந்தையில் குவியும் காலிபிளவர் 1822இல் இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர்த் தோட்டத்துக்கு விதையாக வந்தது. பண்டங்கள் மாறின, நிலம் எப்போது எதைத் தருகிறதோ அப்போது அதை உண்ணும் வழக்கம் மாறவில்லை. எள் இலையுதிர்காலத்தில் அறுவடையாகிறது. கரும்பாலைகள் குளிர்காலத்தில் ஓடுகின்றன. எள்ளும் புது வெல்லமும் சங்கராந்தியன்று ஒரே தட்டில் சேர்வதற்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை.

இப்போது குளிர்பதனக் கிடங்குகள் பட்டாணியை ஆண்டு முழுவதும் தருகின்றன. அதன் உரிய திங்கள் எது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களைக் கார்த்திகையில் ஒருமுறை காய்கறிச் சந்தைக்கு அழைத்துச் செல்லலாம். வெண்டையும் பீர்க்கும் குறைந்து, முள்ளங்கியும் வெந்தயக்கீரையும் மிகுவதை அவர்களே காண்பர். ரசத்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்த வெந்தயக்கீரை பருப்போடு சேர்ந்து நம் கூட்டாகவும் ஆகும். நல்லெண்ணெய் நம் வீட்டில் முன்பே இருக்கிறது. தைமுதல் நாளில் நம் பானையில் பொங்கும் புத்தரிசி, பால், வெல்லம், நெய் ஆகிய நான்கும் சரகர் ஹேமந்தத்திற்குச் சொன்ன பட்டியலில் அடங்குபவையே.