மனித மனமும் கூர்ப்புக் கொள்கையும்: வலஸ் – டார்வின் முரண்பாடு பற்றிய ஒரு நோக்கு

மனித மனத்தைக் கூர்ப்புக் கொள்கையால் விளக்க முடியுமா என்னும் வினா, அக்கொள்கை தோன்றிய காலந்தொட்டே எழுந்த ஒன்றாகும். இயற்கைத் தேர்வு பற்றிய சார்ள்ஸ் டார்வின், அல்பிரட் ரசல் வலஸ் ஆகிய இருவரது கட்டுரைகளும் 1858 இல் இலண்டன் லினேயன் சங்கத்தில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. பதினோராண்டுகளின் பின் இவ்வினாவிலேயே இருவரும் கருத்து வேறுபட்டனர்.

1854 முதல் 1862 வரை மலாயத் தீவுக் கூட்டத்தில் வாழ்ந்த வலஸ், 'நாகரிகமற்றோர்' எனப்பட்ட மக்களின் மூளை ஐரோப்பியரின் மூளைக்கு ஏறத்தாழச் சமமானது எனக் கொண்டார். ஆயின், அவர்தம் எளிய வாழ்வுக்கு அத்துணைப் பெரிய மூளை வேண்டியதில்லை. தேவைக்கு மிஞ்சியதை இயற்கைத் தேர்வு ஆக்காது. ஆதலின் மேலானதோர் அறிவாற்றல் வழிநடத்தியிருத்தல் வேண்டும் என 1869 இல் 'குவாட்டர்லி றிவியூ' இதழில் எழுதினார். ஆவிவாதத்தில் அவருக்கிருந்த ஈடுபாடும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

டார்வின் இதனை ஏற்கவில்லை. மனிதனுக்கும் உயர் விலங்குகளுக்குமிடையிலான உளவேறுபாடு அளவு பற்றியதேயன்றி வகை பற்றியதன்று என 1871 இல் வெளிவந்த மனிதனின் மரபுவழி பற்றிய நூலில் வாதிட்டார். ஒழுக்க உணர்வையும் சமூக இயல்பூக்கங்களிலிருந்தே வருவித்தார். எனினும், மக்களினங்களை ஏணிப்படிகளாக வரிசைப்படுத்தும் அக்கால ஐரோப்பிய நோக்கு அவரையும் விட்டுவைக்கவில்லை.

ஆக, மனிதரின் மூளைச் சமத்துவத்தைக் கண்டவர் பொருள்முதல் விளக்கத்தைக் கைவிட்டார். அவ்விளக்கத்தைப் பேணியவரோ சமத்துவத்தை முழுமையாகக் காணவில்லை. இருவரிடமும் போதிய இடம் பெறாதது சமூக வரலாறே. வேட்டுவ வாழ்வுக்கு வேண்டிய மொழி, உறவுமுறை, சூழலறிவு ஆகியவற்றின் சிக்கலை வலஸ் குறைத்தே மதிப்பிட்டார். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்பதற்கெனத் தனியொரு மூளை கூர்ப்படைய அக்காலம் போதாது. வேறு தேவைகளுக்காக உருவான ஆற்றல்களையே சமூகம் எழுத்துக்குப் பயன்படுத்தியது. உழைப்பும் பேச்சும் மூளையின் வளர்ச்சியைத் தூண்டின என்னும் ஏங்கெல்சின் 1876 ஆம் ஆண்டுக் கட்டுரை, 1896 இலேயே அச்சேறியது.

1975 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் எட்வேட் வில்சன் 'சமூக உயிரியல்' நூலின் இறுதி அத்தியாயத்தை மனிதனுக்கு ஒதுக்கியபோது இவ்விவாதம் புத்துயிர் பெற்றது. அங்கேயே பணியாற்றிய றிச்சாட் லெவொன்ரின், ஸ்டீபன் ஜே கூல்ட் ஆகியோர் அதனை வன்மையாக எதிர்த்தனர். நிலவும் ஏற்றத்தாழ்வுகளை உயிரியலின் பெயரால் நியாயப்படுத்தும் அபாயத்தை அவர்கள் சுட்டியமை பொருத்தமானதே. ஆனால், அவ்வபாயத்துக்கு அஞ்சி மனத்தைக் கூர்ப்புக்குப் புறம்பானதாகக் கொள்வோமாயின், நாமும் வலஸ் சென்றடைந்த இடத்தையே அடைவோம். மனத்தின் ஆற்றல்களுக்கான மூலத்தைக் கூர்ப்பிலும், அவை பெறும் உள்ளடக்கத்தை வரலாற்றிலும் தேடுவதே அறிவியலுக்கும் சமத்துவத்துக்கும் ஒருங்கே உகந்த நெறி என்பது எமது துணிபு.