எஞ்சின் தட்டும் சத்தமும் ஈயம் கலந்த பெட்ரோலும்

பழைய பெட்ரோல் காரில் புதுச்சேரியிலிருந்து கிளம்பி, கோரிமேடு ஏற்றத்தை டாப் கியரிலேயே ஏற்றிப் பாருங்கள். எஞ்சினுக்குள் ‘கிளிங் கிளிங்’ என்று ஏதோ தட்டும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பிரெஞ்சில் இதற்குக் ‘கிளிக்தி’ என்று பெயர். வாளோடு வாள் மோதும் ஒலிக்கும் அதே சொல்தான். இதனால் வண்டிக்குக் கேடா, இல்லை கண்டுக்காம விட்டுடலாமா? இந்த விவாதத்துக்கு நூறு வயசு தாண்டிவிட்டது.

சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக் கார்களில் வந்தது. அந்தக் கார்கள் தட்டின. பழி அவருடைய பேட்டரி இக்னிஷன் மேல் விழுந்தது. 1916-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்க்லி ஆராய்ந்து பார்த்தபோது, குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள்தான் என்று தெரிந்தது.

நடப்பது இதுதான். ஸ்பார்க் பட்டதும் தீ சிலிண்டருக்குள் சீராகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த அழுத்த அலை சுவரில் அறைவதுதான் நமக்குக் கேட்கும் சத்தம். ஏற்றத்தில் ஓரிரு நொடி தட்டினால் பெரிய கேடு இல்லை, கியரைக் குறைத்தால் போதும். அதிக லோடில் தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் அரிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும். டீசல் எஞ்சின் கதை வேறு. அழுத்தத்தால் தானாகப் பற்றுவதுதான் அதன் இயல்பு என்பதால், ஓரளவு ‘டக டக’ கூடவே பிறந்தது.

1921 டிசம்பர் 9-ல் மிட்க்லி குழு மருந்து கண்டுபிடித்தது: டெட்ரா எத்தில் லெட். பெட்ரோலில் துளி கலந்தாலே தட்டல் அடங்கியது. ஆனால் லெட் என்றால் ஈயம், நஞ்சு. விற்கும்போது அந்தச் சொல்லையே விட்டுவிட்டு ‘எத்தில்’ என்று மட்டும் பெயர் வைத்தார்கள். 1924-ல் நியூ ஜெர்சி சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் 5 பேர் புத்தி பேதலித்து இறந்தார்கள். விற்பனை கொஞ்ச காலம் நின்று, மறுபடி தொடங்கியது. ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்க்லிக்கு அப்போதே தெரியும். ஈயம் மலிவு, காப்புரிமையும் கையில் இருந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. புதுச்சேரி அந்தப் பட்டியலில் இல்லை. நாடு முழுக்க ஈயம் விலக்கப்பட்டது 2000 பிப்ரவரி 1-ல்தான். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது.

சத்தம் எஞ்சினைக் கெடுக்குமா என்று கார்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் கெட்டுப்போன பிஸ்டனை மாற்றிக்கொள்ளலாம். சத்தத்தை அடக்கிய ஈயம் புகையோடு வெளியே வந்து, தெருவில் விளையாடிய குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து மூளை வளர்ச்சியைப் பாதித்தது. அதற்கு மாற்று பாகம் எந்தக் கடையிலும் கிடையாது.